மறு: டிஸ்டார்ஷன் கிட்டாருக்கு ‘திரிபு’ சரியா?

> ‘உருத்திரிபு’ பாடநூலிலேயே இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, பாடநூல் பேசுவது ஒலி அலையில் நேரும் பழுதைப் பற்றி. வேண்டாமல் நுழைந்த பழுதை அளக்கத் ‘திரிபு’ போதும். கிட்டார்காரர் காசு கொடுத்துப் பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டி) வாங்கி வரவழைக்கும் ஒலியையும் அப்படியே அழைப்பதா?

அதைவிடப் பெரிய தலைவலி, நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, இரண்டு. நான் தமிழாக்குவது 1991இல் வந்த ஜெனரல் மிடி பட்டியல், அதாவது எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் ஒலிக்க வேண்டும் என்று மின்னணு இசைக் கருவிகளுக்குச் சொல்லும் பொது அட்டவணை. 128 ஒலிகளில் 30 ஓவர்டிரைவன் கிட்டார், 31 டிஸ்டார்ஷன் கிட்டார். 1993இன் ‘டூம்’ விளையாட்டுக்கு இசை மிடியில்தான் வந்தது, ஒலிப்பதிவாக அல்ல, சுரக் கட்டளைகளாக. கிட்டார் என்று நாம் கேட்டது கணினியின் ஒலி அட்டை போட்ட வேஷம். (2016இன் புது டூமில் இசையமைப்பாளர் மிக் கார்டனிடம் முதலில் கிட்டாரே வேண்டாம் என்றார்களாம். நல்லவேளை, அவர் கேட்கவில்லை.)

ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் நின்றிருந்தேன். மைக் செட் பையன் திருகை ஏற்ற, பெரியவர் கத்தினார்: “சவுண்டு கிழியுதுடா, குறை!” அதுதான் 31. ஆம்ப்ளிஃபயர் தாங்காதபோது அலையின் உச்சி மழுங்கும். புதிய மேற்சுரங்கள் (மூல சுரத்தின் மடங்கான அதிர்வெண்கள்) கிளம்பும். ஓவர்டிரைவில் உச்சி லேசாக வளைந்து மழுங்கும், தந்தியை மெல்ல மீட்டினால் தெளிந்துவிடும். டிஸ்டார்ஷனில், எங்கள் ஊரில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டிய குன்று மாதிரி உச்சியே தட்டை.

ஆகவே கரடுபோல் சொரசொரக்கும் 30 கரட்டொலி கிட்டார், கிழியும் 31 கிழியொலி கிட்டார்.

> கிழிசல் என்றால் துணி ஞாபகம் வருகிறதே?

வரட்டும். 1958இல் அமெரிக்கக் கிட்டார்காரர் லிங்க் ரே ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தினார். 1964இல் ‘கிங்க்ஸ்’ குழுவின் கிட்டார்காரர் டேவ் டேவிஸ் பிளேடாலேயே கிழித்தார். சொல்லுக்குச் சாட்சி ஸ்பீக்கரிலேயே இருக்கிறது.

> கிழியொலி சரி. கரடு என்றால் எங்கள் பக்கம் மரத்து முண்டு. உங்கள் சேலத்துப் பாறைக்கரடு யாருக்குப் புரியும்?

முண்டைத் தடவினாலும் கை உறுத்தத்தானே செய்யும் அண்ணா! ‘கரடுமுரடு’ எல்லா ஊரிலும் உண்டு. ஞாயிறு இரவு மொழிபெயர்ப்புக் கோப்பை இணையத்தில் ஏற்றுகிறேன். அதற்குள் இதைவிட நல்லது கிடைத்தால் எழுதுங்கள். ‘ஃபஸ்’ஸுக்குச் (இன்னும் கடுமையாகத் திரிந்த கிட்டார் ஒலி) சொல் கேட்காதீர்கள், அது பட்டியலில் இல்லை.