த்ரீடி பிரிண்டர் குழுவுக்கு மாடரேஷன், தேடக்கூடிய கேள்வி-பதில் தொகுப்பு: எங்கே ஆரம்பிப்பது?

நூல்கண்டு:

வணக்கம். த்ரீடி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்காக ஒரு மின்னஞ்சல் விவாதக் குழு தொடங்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இப்போது எல்லாரும் ஒரு சாட் குரூப்பில்தான் பேசுகிறார்கள். அருமையான பதில்கள் வருகின்றன, இரண்டு நாளில் மேலே ஏறிக் காணாமல் போகின்றன, அடுத்த வாரம் வேறொருவர் அதே கேள்வியோடு வருகிறார், முதலில் பொறுமையாகப் பதில் சொன்ன ஆள் இப்போது வாயே திறப்பதில்லை. அதனால் ஒவ்வொரு மடலையும் பார்த்து அனுமதிக்கிற மாதிரி ஒரு குழு, கூடவே தேடிப் பார்க்கக்கூடிய கேள்வி-பதில் தொகுப்பு, இரண்டும் வேண்டும். மெயில்மேன் (மடற்குழு நடத்தும் மென்பொருள்) நிறுவத் தெரியும், அது பிரச்சினையில்லை. எல்லா மடலையும் நிறுத்திப் பார்க்க வேண்டுமா, தொகுப்பை யார் எழுதுவது, எழுதினாலும் யாராவது படிப்பார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வரிசைக்காவலன்:

எல்லா மடலையும் நிறுத்தாதீர்கள். புதிதாகச் சேர்பவரின் முதல் சில மடல்களை மட்டும் நிறுத்துங்கள், ஆள் உண்மையானவர், விஷயத்தோடு பேசுகிறார் என்று தெரிந்ததும் அவருக்கு மட்டும் தடையை எடுத்துவிடுங்கள். மெயில்மேனில் உறுப்பினர்வாரியாக இதை அமைக்கலாம். எல்லாவற்றையும் பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்றால், பிரிண்ட் பாதியில் நின்று போய்க் கேள்வி அனுப்பியவர் மறுநாள் காலைவரை காத்திருப்பார், அதற்குள் வேறு எங்கேயோ பதில் வாங்கிக்கொண்டு போய்விடுவார், அப்புறம் திரும்பி வரமாட்டார். நிறுத்தி வைத்த மடல்களின் வரிசையைப் பார்க்க ஒரே ஆள் போதாது, வெவ்வேறு நேரங்களில் கணினி முன் இருக்கும் மூன்று பேராவது வேண்டும்.

நிராகரிக்கும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். ஸ்பாமுக்கு மட்டும் அந்த மரியாதை வேண்டாம், சத்தமில்லாமல் அழித்துவிடுங்கள். ஸ்பாமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி, நீங்கள் அனுப்பும் நிராகரிப்பு சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் பெட்டியில் போய் விழும்.

இன்னொன்று, தொடங்கும் முன்பே டிமார்க் (அனுப்புநர் முகவரி போலியா என்று வாங்கும் சர்வர் சோதிக்கும் முறை) அமைப்பைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு டிமார்க்கில் 'நிராகரி' என்று கொள்கை வைத்ததும் உலகம் முழுக்க மடற்குழுக்கள் தடுமாறின: யாஹூகாரர் எழுதிய மடலைக் குழு மற்றவர்களுக்கு அனுப்ப, வாங்கும் சர்வர்கள் அதை மோசடி என்று திருப்பி அடித்தன, திரும்பி வந்த மடல்களின் கணக்கில் ஒரு தப்பும் செய்யாத உறுப்பினர்களைக் குழுவே முடக்கியது. அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை மாற்றிப் போடும் வசதி மெயில்மேனில் இருக்கிறது. முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள்.

முதல்அடுக்கு:

மாடரேஷன் பற்றி மேலே சொன்னது சரி. நான் தொகுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுவது அங்கேதான். பதில் தெரிந்தவர் உட்கார்ந்து எழுதுவார், தலைப்பு 'பெட் ஒட்டுதலும் வெப்பநிலையும்' என்று இருக்கும் (பெட் என்றால் பிரிண்ட் உட்காரும் தட்டு). சிக்கலில் இருப்பவர் அப்படியா தேடுவார்? 'பிரிண்ட் பாதியில் பெயர்ந்து வருது', 'மூலை சுருண்டு தூக்குது', 'நூடுல்ஸ் மாதிரி கொட்டுது' என்றுதான் அடிப்பார். மூன்றும் பல நேரம் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: முதல் அடுக்கு ஒட்டவில்லை. அதனால் பதிவின் தலையில் கேள்வி வந்த வார்த்தைகளையே, எழுத்துப்பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை, வரிசையாகப் போடுங்கள். அதற்குக் கீழே பதில்: நாசில் (உருகிய பிளாஸ்டிக் வரும் முனை) உயரத்தைச் சரிபார், பெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடை, பிஎல்ஏ பிளாஸ்டிக் என்றால் பெட் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ், ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் 90க்கு மேல், முதல் அடுக்குக்கு ஃபேனை நிறுத்து. பிழைச்செய்தி இருந்தால் திரையில் வந்தது வந்தபடி ஒட்டுங்கள். ஜனங்கள் அதைத்தான் காப்பி பண்ணித் தேடுகிறார்கள்.

தேடல் பொறியை நம்பி இதை விட்டுவிட முடியாது. தமிழில் விகுதி சேர்ந்து சேர்ந்து சொல் நீளும், ஆங்கிலத்துக்கு எழுதிய வேர்ச்சொல் பிரிப்பான் இங்கே உதவாது. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் 2020 டிசம்பரில் வந்த 3.34 பதிப்பிலிருந்து ட்ரைகிராம் டோக்கனைசர் (சொல்லை மும்மூன்று எழுத்துக் குறிகளாக வெட்டித் தேடுவது) உண்டு, சொல்லின் நடுவில் இருப்பதையும் பிடிக்கும், சிறு தொகுப்புக்கு அதுவே தாராளம். ஆனால் 'ஒட்ட' என்று தேடினால் 'ஒட்டவில்லை' கிடைக்கும், 'ஒட்டாம' என்று தேடினால் கிடைக்காது. அந்த வடிவமும் பதிவில் எங்காவது இருந்தாக வேண்டும்.

அப்புறம், ஒரு முடிவும் கிடைக்காத தேடல்களின் லாக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன எழுதுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, அதில் இருக்கும்.

வெப்பக்கம்பி:

எனக்கு ஒரு பயம். தொகுப்பு வந்ததும் மாடரேட்டர்கள் 'ஏற்கெனவே பதில் இருக்கிறது, போய்ப் படி' என்று புதியவர்களை விரட்ட ஆரம்பிப்பார்கள். நான் பார்த்த ஒரு குழு அப்படியே செத்துப் போனது, தொகுப்பு மட்டும் பிரமாதமாக இருக்கிறது.

முதல்அடுக்கு:

நியாயமான பயம். நான் சொல்வது இதுதான்: திரும்ப வந்த கேள்வியை நிறுத்தாதீர்கள், உள்ளே விடுங்கள், யாராவது இரண்டு வரி பதிலும் அந்தப் பதிவின் சுட்டியும் போடட்டும். அவர் தேடியும் கிடைக்கவில்லை என்றால் எந்த வார்த்தையில் தேடினார் என்று கேளுங்கள், அதையும் பதிவின் தலையில் சேருங்கள். கிடைக்காதது அவர் குற்றமில்லை.

வரிசைக்காவலன்:

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் உள்ளே விட்டால் பதில் சொல்லும் நாலு பேர் ஓடிவிடுவார்கள், நூல்கண்டு சாட் குரூப்பில் நடப்பதாகச் சொன்னதும் அதுதானே. எந்த பிரிண்டர், எந்த ஃபிலமென்ட் (பிளாஸ்டிக் இழை), என்ன வெப்பநிலை என்று ஒன்றுமே இல்லாமல் 'வேலை செய்யல, உதவுங்க' என்று வரும் மடலை நான் பிடித்து வைத்து, விவரம் சேர்த்து அனுப்பச் சொல்வேன். பதிவின் சுட்டியையும் அதிலேயே கொடுத்துவிடலாம். பாதிப் பேர் அங்கேயே பிரச்சினை தீர்ந்து போய் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

தொகுப்புப் பதிவுகளுக்கு மாறாத எண் கொடுங்கள். யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையில், சி நிரல்மொழிக்கான காம்ப்.லாங்.சி குழுவின் தொகுப்பில் கேள்விகளுக்கு எண் இருந்ததால் '5.2ஐப் பார்' என்று சொன்னாலே போதும். ஒவ்வொன்றின் கீழும் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கட்டும். வெறும் கண்ணாடியில் ஒட்டச் சொன்ன பழைய பதிலைப் படித்துவிட்டு ஒருவர் பெட்ஜி பிளாஸ்டிக்கை அப்படியே அச்சடித்தால், எடுக்கும்போது கண்ணாடி பெயர்ந்துகொண்டு வரும்.

நூல்கண்டு:

நன்றி, இது போதும் தொடங்க. விவரமில்லாத மடலைப் பிடித்து வைக்கிறேன், விவரத்தோடு வரும் பழைய கேள்வியை விடுகிறேன். பழைய மடல்களை வெளியார் பார்க்கத் திறந்து வைக்கலாமா?

வரிசைக்காவலன்:

திறங்கள், இல்லாவிட்டால் கூகுளில் வராது. ஆனால் சேரும் பக்கத்திலேயே 'இங்கே எழுதுவது பொதுவில் தெரியும்' என்று எழுதிவிடுங்கள், மின்னஞ்சல் முகவரிகளை மறைத்துவிடுங்கள். இப்போதைய சாட் குரூப் உரையாடலை உள்ளே கொட்டுவதாக இருந்தால் மட்டும் வேண்டாம், அவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை.