நிலைமின்னிறக்கமா, நிலைமின்னடியா?

வணக்கம்.

ஆங்கிலத்தில் electrostatic discharge என்பதற்கு, அதாவது உடம்பில் சேர்ந்த நிலைமின் திடீரென்று பாய்வதற்கு, தமிழில் என்ன சொல் என்று பேசுகிற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்தச் சொல் வேலை மேசைக்கு மேலே ஒட்டுகிற அறிவித்தலுக்கு வேணும். ஆகவே இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் போன் திருத்துகிறவனின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

'நிலைமின்னிறக்கம்' பிழையான சொல் இல்லை. ஏற்றம் (charge), இறக்கம் (discharge) என்று பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு உடனே விளங்கும். ஆனால் கடையில் 'இறங்கிட்டு' என்றால் அது பற்றரி. காலையில் நூறு, பின்னேரம் பத்து என்று ஆறுதலாக நடக்கிற காரியம். நாங்கள் பயப்படுவது அதற்கு இல்லை. விரல் நுனியில் இருந்து ஐசியின் (போர்டில் இருக்கிற சின்னக் கறுப்புச் சிப்பின்) காலுக்கு, நொடியில் ஏறத்தாழக் கோடியிலொரு பங்கு நேரத்துக்குள் பாய்ந்து முடிகிற ஒன்றுக்கு.

கோவை அண்ணன் சொன்ன 'மின்தெறிப்பு' கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இலங்கைப் பாடநூலில் தெறிப்பு என்பது நீங்கள் எதிரொளிப்பு என்று சொல்வது. சாதாரண தரம் முடித்துவிட்டு வேலை பழக வருகிற பிள்ளை கண்ணாடியைத்தான் நினைப்பான். சிப்புக்குச் சொல்கிற 'சில்லு'வும் அப்படியே. இங்கே சைக்கிளுக்குத்தான் சில்லு. அதனால் ஐசி என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கச்சான் காலத்தில், அதாவது காய்ந்த சூட்டுக்காற்று வீசுகிற காலத்தில், நடந்ததைச் சொல்கிறேன். நம் கரையோரம் ஈரக்காற்று, நிலைமின் இங்கே வராது என்று பலர் நினைக்கிறார்கள். கச்சான் வீசத் தொடங்கினால் உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் காயும். அதற்கு மேல் கடைக்குள் ஏசி வேறு. விரிப்பில் நடக்கிற ஆளின் உடம்பில் காற்று ஈரமாக இருந்தால் 1,500 வோல்ட் அளவில் ஏறும், நன்றாகக் காய்ந்திருந்தால் 35,000 வரை போகும் என்று இந்தத் தொழிலின் கைந்நூல்களில் இருக்கிறது. அப்படி ஒரு நாள் எங்கள் பொடியன் ரெஜிபோம் (நீங்கள் தெர்மோகோல் என்பது) பெட்டிக்குள் இருந்து ஒரு போர்டை இழுத்து எடுத்தான். வெள்ளை மணிகள் அவனுடைய பொலியெஸ்டர் சேர்ட் கையில் ஒட்டிக்கொண்டு, தட்டத் தட்ட விழவில்லை. "அண்ணே, சின்னதா கரண்ட் அடிச்சிட்டு" என்றான். போர்டு வேலை செய்தது. கொடுத்து அனுப்பினோம். இரண்டு கிழமையில் திரும்பி வந்தது, சார்ஜ் ஐசி செத்துப்போய். அந்த அடிதான் காரணம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அதற்குப் பிறகு ரெஜிபோம் பெட்டி என் மேசைப் பக்கமே வருவதில்லை.

அவன் வாயில் வந்த சொல்லைப் பாருங்கள். அடிச்சிட்டு. நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே என் முன்மொழிவு 'நிலைமின்னடி'. ஐசிக்கு அடி பட்டது, அடிபட்ட போர்டு என்று வினையும் பெயரும் தானாகவே வந்து சேரும். அடிபட்ட மாம்பழத்தின் தோலில் ஒன்றும் தெரியாது, இரண்டு நாளில் உள்ளே கறுத்திருக்கும். நிலைமின் செய்வதும் அதுதான். ஏறத்தாழ 3,000 வோல்டுக்குக் கீழே என்றால் நம் விரலுக்கே தெரியாது. சில ஐசிகளுக்கோ 100 வோல்டே அதிகம். உள்ளே மின்னைத் தடுத்து வைக்கிற மெல்லிய ஒட்சைட்டுப் படை பலமிழந்து, சோதனையில் தேறி, பிறகு ஒரு நாள் விழுகிறது. அந்த மறைந்த சேதத்துக்கு 'உட்காயம்' என்று வைக்கலாம்.

இனித்தான் எனக்கு முக்கியமான இடம். ஆங்கிலத்தில் அடியும் discharge, ஏற்றத்தை மெல்ல வெளியேற்றுவதும் அதே சொல். தமிழில் நாம் ஏன் அந்தக் குழப்பத்தைச் சுமக்க வேணும்? வயல் தெரிந்தவர்களுக்கு வடிச்சல் தெரியும். மிச்சத் தண்ணீரை வரம்பு உடையாமல் மெதுவாகக் கழித்துவிடுகிற வழி. மணிக்கட்டில் கட்டுகிற பட்டி செய்வது அந்த வேலையே. அதன் வயரில் 1 மெகாஓம் தடையி (resistor) ஒன்று இருக்கும். உடம்பில் ஏறியதெல்லாம் அது வழியாகப் புவிக்கு வடியும். தவறி 230 வோல்ட் உயிர்க்கம்பியில் கை பட்டாலும் பட்டி வழியே 0.23 மில்லி அம்பியருக்கு மேல் ஓடாது. தடையி இல்லாத வெறும் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு வேலை செய்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். ஆகவே 'வடிச்சல் பட்டி', மேசைக்கு 'வடிச்சல் விரிப்பு'. 'நிலைமின் எதிர்ப்புப் பட்டி' என்று ஒருவர் எழுதியிருந்தார். பட்டி எதையும் எதிர்ப்பதில்லை, வழிதான் விடுகிறது.

பைகள் இரண்டையும் ஒரே பெயரில் அழைக்க வேண்டாம். இளஞ்சிவப்புப் பை தன்மேல் ஏற்றம் சேரவிடாது, ஆனால் வெளியே இருந்து வருகிற அடியைத் தடுக்காது. அது 'ஏறாப் பை'. வெள்ளிநிறப் பைதான் தடுக்கும், அதுவும் உள்ளே வைத்து வாயை மடித்தால். அது 'மறைப்புப் பை'. அதன் மேலே போர்டை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிற பழக்கம் இங்கே நிறைய.

ஏற்றமா மின்னூட்டமா என்ற பழைய வழக்குக்குள் நான் இறங்கவில்லை. நிலைமின்னடியும் வடிச்சலும் இரண்டு கரைக்கும் பொதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். கோவைப் பக்கம் வடிச்சல் என்று சொல்வீர்களா, வேறு சொல் இருக்கிறதா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது, சனி காலை அறிவித்தலை அச்சுக்குக் கொடுக்கிறேன்.