புதுப்பிப்பு: மகளின் ஏ.டி.எச்.டி மதிப்பீடு முடிந்தது

மகளுக்கு ஏ.டி.எச்.டி (கவனம் நிலைக்காத, சிலருக்கு அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் இருக்கும் கோளாறு) இருக்குமோ, மதிப்பீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம். இருக்கிறது, கவனக்குறைவு வகை.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ வைத்து இதைக் கண்டுபிடிப்பதில்லை. பெரும்பாலும் கேள்விகள்தான். எங்களுக்கு ஒரு வினாத்தாள், வகுப்பு ஆசிரியைக்கு ஒன்று. வீட்டில் மட்டும் தெரிந்தால் போதாது. இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். அதனால் பழைய ரிப்போர்ட் கார்டுகளைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. “நன்றாகப் புரிந்துகொள்கிறாள், எதையும் முடிப்பதில்லை” என்று இரண்டாம் வகுப்பில் எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, மருத்துவர் திரும்பவும் படித்தார். அப்புறம் காது, கண், தூக்கம், பதற்றம் பற்றியும் விசாரித்தார். அவற்றில் கோளாறு இருந்தாலும் கவனம் சிதறும்.

துறுதுறுவென்று ஓடாத பிள்ளைக்கு எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த வகையில் அந்த ஓட்டம் பெரிதாக இருக்காது. பெண் பிள்ளைகள் பலர் இப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள். எனக்கு அதுதான் ஆற்றாமை. “அப்போ நான் சோம்பேறி இல்லையாம்மா?” என்று கேட்டாள் மகள். எத்தனை நாளாக அதை மனதில் வைத்திருந்தாளோ.

மருந்து பற்றி அடுத்த முறை பேசலாம் என்றார் மருத்துவர். தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு, அறிக்கையின் நகலோடு பள்ளியில் கடிதம் கொடுத்திருக்கிறோம்.