எஞ்சின் ‘ப்ளூபிரிண்டிங்’: ‘செவ்வளவாக்கம்’ பொருந்துமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஜாகுவார் ஈ-டைப் காரின் 3.8 லிட்டர் எஞ்சினை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் பூட்டுவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிவரும் நண்பர், அதில் அடிக்கடி வரும் ‘ப்ளூபிரிண்டிங்’ என்பதற்கு, அதாவது எஞ்சினின் உறுப்புகள் ஒவ்வொன்றையும் அளந்து, தேர்ந்த அளவுக்குக் கொண்டுவந்து பூட்டுவதற்கு, தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். ‘நீலப்படியாக்கம்’, ‘வரைபட அமைப்பு’, ‘நுண்சீரமைப்பு’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணங்களைக் கூறிவிட்டு, ‘செவ்வளவாக்கம்’ என்ற சொல்லை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

முதற்சொல்லை விரைவாகவே விலக்கிவிடலாம். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த படியெடுப்பு முறையில் தாளின் பின்புலம் நீலமாகவும் கோடுகள் வெண்மையாகவும் விழுந்தன; பொறியியல் வரைபடங்கள் நெடுங்காலம் அம்முறையில் படியெடுக்கப்பட்டதால் ஆங்கிலத்தில் ‘ப்ளூபிரிண்ட்’ (நீலப்படி) என்ற பெயர் நிலைத்தது. அந்த நீலம் தாளில் பூசிய இரும்பு உப்புகளின் வேலை. எஞ்சினுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

‘வரைபட அமைப்பு’ சற்று ஆழமான மறுப்பைக் கோருகிறது. தொழிற்சாலை வரைபடம் ஓர் உறுப்புக்கு ஒரே அளவைக் கட்டளையிடுவதில்லை. கீழெல்லை, மேலெல்லை என இரண்டைக் கொடுத்து, இடையில் எங்கு நின்றாலும் ஏற்றுக்கொள்கிறது. ஒரு பேரிங்குக்கு (சுழலும் தண்டைத் தாங்கும் உறுப்பு) 1½ முதல் 3 தௌ வரை இடைவெளி அனுமதிக்கப்பட்டால் (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பட்டறைகளில் வழங்கும் சொல்), ஒன்று 1½-இலும் அடுத்தது 3-இலும் அமைந்த கிராங்க் தண்டும் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வரைபடத்தின்படி குற்றமற்றதே. அதை அப்படியே விடாமல், அந்த எஞ்சின் செய்யப்போகும் வேலைக்கு எந்த அளவு உகந்தது என்று முடிவெடுத்து, எல்லாப் பேரிங்குகளையும் அந்த ஒரே அளவுக்குக் கொண்டுவருவதுதான் நாம் பெயரிட முயலும் செயல். உறுப்புகளை மாற்றியமைக்கக் கூடாது என்று விதி வகுத்திருக்கும் பந்தயப் பிரிவுகளில் இது செல்வாக்குப் பெற்றதற்கும் அதுவே காரணம்: அனுமதித்த எல்லைக்குள் நின்றுகொண்டே, அந்த எல்லைக்குள் கிடைக்கும் மிகச் சிறந்த எஞ்சினைக் கட்டிவிடலாம்.

பிஸ்டனுக்கு மேலே எரிபொருள் எரியும் இடமான எரியறையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஈ-டைப்பின் 3.8 எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 87 மி.மீ., வீச்சு (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 106 மி.மீ.; ஆகவே ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 630 க.செ.மீ. அமுக்க விகிதம் (பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதற்கு மேலுள்ள மொத்த இடத்துக்கும் உச்சியில் நிற்கும்போது எஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம்) 9:1 ஆக இருக்க வேண்டுமெனில், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே எஞ்சும் இடம் 78.8 க.செ.மீ. அளவில் இருக்க வேண்டும். அது 2 க.செ.மீ. கூடினாலே விகிதம் 8.8-க்கு இறங்கிவிடும். வார்ப்பிலேயே சிறு வேறுபாடுகள் வரும். பழைய எஞ்சினில் வால்வு இருக்கைகளை மீண்டும் வெட்டியிருந்தால் வால்வு உள்ளே இறங்கி அறை இன்னும் பெருத்திருக்கும். எனவே சிலிண்டர் தலையைக் கவிழ்த்து, சற்றே சாய்த்து வைத்து, வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்தி, அறையின் வாயைச் சுற்றி மெல்லிதாகக் கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை மேலே ஒட்டுகிறார்கள். அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயை உள்ளே விடும்போது தகட்டுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி துளையை நோக்கி நகர்ந்து வரும். அது வெளியேறும் கணத்தில் பியூரெட்டின் கோட்டைப் படிக்க வேண்டும். இவ்வாறு ஆறு அறைகளையும் அளந்த பிறகு, மிகப் பெரிய அறைக்கு ஈடாக மற்ற ஐந்தையும் சிறிது சிறிதாகக் குடைந்து சமப்படுத்துகிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் கிராங்க் தண்டைச் சாணை பிடிப்பது போலன்றி, வீட்டிலேயே முழுமையாகச் செய்யக்கூடியது.

‘நுண்சீரமைப்பு’ கேட்க இனிமையாக இருந்தாலும், அது வேறொரு செயலுக்கு உரியது. இதே எஞ்சினில் உள்வால்வுக்கு 4 தௌ, வெளிவால்வுக்கு 6 தௌ என இடைவெளி விட, வெவ்வேறு தடிப்புள்ள சில்லுகளை மாற்றிமாற்றி வைக்கிறோம். அது எந்த எஞ்சினுக்கும் செய்ய வேண்டிய வழக்கமான சரிசெய்தல். கார்புரேட்டரைச் சரிப்படுத்துவதும் அவ்வாறே. கையேட்டில் ‘ட்யூனிங்’ என்ற சொல்லும் வருவதால், ‘நுண்சீரமைப்பை’ அதற்கு ஒதுக்கிவைப்பதே நல்லது.

இனி ‘செவ்வளவு’. செம்மையான அளவு என்பதே இதன் பொருள்; ‘வேலையைச் செவ்வையாகச் செய்’ என்று நாம் வழக்கில் சொல்லும் சொல்லுக்கும் இது உறவு. எல்லைக்குள் அடங்கிய பல அளவுகளில் தக்கதைத் தேர்ந்தெடுத்தல் என்ற கருத்து இதில் இயல்பாகவே அமைகிறது. ‘எஞ்சினைச் செவ்வளவாக்கினார்’, ‘செவ்வளவாக்கிய எஞ்சின்’ என்று வினையாகவும் பெயரெச்சமாகவும் தடையின்றி வருகிறது. ‘வரைபட அமைப்பு’ என்பதை வினையாக்கிப் பார்த்தால் வேறுபாடு புரியும். ‘செவ்வாய்’, ‘செவ்விளநீர்’ போன்றவற்றில் செம்மை நிறத்தைக் குறிப்பதால், நீலத்திலிருந்து தப்பிச் சிவப்பில் மாட்டிக்கொள்வோமோ என்று யாரேனும் கேட்கலாம். அளவுக்கு நிறம் இல்லாததால் மயக்கத்துக்கு இடமில்லை என்று கருதுகிறேன்.

இதனோடு ஒட்டிய சொற்களையும் இப்போதே பிரித்துவிடுவது நலம். அனுமதிக்கப்பட்ட வேறுபாட்டைப் ‘பொறுதி’ என்றும், இரு உறுப்புகளுக்கு இடையே உள்ள வெளியை ‘இடைவெளி’ என்றும் வழங்கலாம். முந்தைய மடலொன்றில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. பிஸ்டன்களையும் இணைப்புத் தண்டுகளையும் எடை பார்த்து ஒத்த நிறைக்குக் கொண்டுவருவதும், கிராங்க் தண்டைச் சுழற்றிப் பார்த்துச் சமன்செய்வதும் ‘நிறைச்சமன்’ ஆகட்டும். செவ்வளவாக்கத்தின்போது பெரும்பாலும் அதையும் சேர்த்தே செய்கிறார்கள் என்றாலும், செயல் வேறு.

அளந்தவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துவைக்கும் தாளுக்கு ‘அளவேடு’ என்ற பெயரைப் பரிந்துரைக்கிறேன். சொல்விளக்கத்திலும் அது இடம்பெற வேண்டும் என்பது என் வேண்டுகோள்: “எஞ்சின் உறுப்புகள் ஒவ்வொன்றையும் அளந்து, பொறுதிக்குள் தேர்ந்த ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, அளவேட்டில் பதிந்து பூட்டுதல்.” பழைய கார்களை விற்போர் இச்சொல்லின் ஆங்கில வடிவத்தை விளம்பரங்களில் தாராளமாகவே தூவுகிறார்கள், அளவேடு இல்லாத எஞ்சினுக்கு நம் சொல் பொருந்தக் கூடாது. மாற்றுக் கருத்துடையோர் தங்கள் சொல்லை வினையாக்கி ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.