அப்பாவுக்கு 10 மில்லிகிராம் மெலடோனின்: மூளையைக் காக்கும் என்பது எவ்வளவு உண்மை?

திண்டுக்கல் செல்வி:

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. அல்சைமர் ஆரம்ப நிலை என்று நரம்பியல் மருத்துவர் போன வருடம் சொன்னார். டோனெபெசில் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. பகலில் ஆள் பரவாயில்லை. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் மாறிவிடுகிறார். "மில் பஸ் போயிடும்" என்று செருப்பைத் தேடுவார். ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுராத்திரி எழுந்து கதவுத் தாழ்ப்பாளை ஆட்டுகிறார். காலையில் பத்து மணி வரை தூக்கம், மதியம் டிவி முன்னால் மறுபடி தூக்கம்.

நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் பொங்கலுக்கு வந்தபோது மெலடோனின் கலந்த கம்மி (ஜெல்லி மாதிரி மெல்லும்) மிட்டாய் டப்பா கொண்டுவந்தார். ஒரு மிட்டாயில் 10 மில்லிகிராம். "இது வெறும் தூக்க மருந்து இல்லம்மா, மூளைக்குள்ள போய் செல்லைக் காப்பாத்துற ஆன்டிஆக்ஸிடன்ட், அல்சைமருக்கு ஏகப்பட்ட ஆராய்ச்சி இருக்கு" என்கிறார். படிக்கச் சொல்லி அனுப்பிய கட்டுரைகளில் எல்லாம் எலிதான் வருகிறது. நான் பி.எஸ்சி. விலங்கியல், ஓரளவு புரிகிறது. எலிக்கு நடந்தது அப்பாவுக்கும் நடக்குமா என்பதுதான் கேள்வி. டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை.

"டாக்டரைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்கத்தான் போகிறேன். என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ராக்கோழி:

நான் கால் சென்டர் ஆள். பகலில் தூங்குவதற்கு இதைத்தான் போடுகிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. உடம்பே சுரக்கிற பொருள்தானே, தைரியமாகக் கொடுங்கள்.

பாதிராத்திரி:

இன்சுலினும் உடம்பு சுரக்கிற பொருள்தான் ராக்கோழி, அதற்காக மிட்டாயில் போட்டு விற்பதில்லை.

செல்வி, முனைவர் பட்டத்துக்காக எலியின் பினியல் சுரப்பியில், அதாவது மூளைக்குள் மெலடோனினைச் சுரக்கும் சுரப்பியில், வேலை பார்த்தவள் நான். கடுகளவு சுரப்பி அது. அதை எடுக்கும் வேலை எல்லாம் நடுச்சாமத்தில், மங்கிய சிவப்பு விளக்கில்தான். யாராவது தெரியாமல் கதவைத் திறந்து டியூப்லைட்டைப் போட்டால் அன்றைய வேலை போச்சு, சுரப்பியில் மெலடோனின் மளமளவென்று இறங்கிவிடும். இந்த ஹார்மோனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த சுவிட்சில் இருக்கிறது.

விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில நரம்பணுக்கள் உண்டு. நீல ஒளி, சுமார் 480 நானோமீட்டர், அவற்றை அதிகம் தூண்டும். அங்கிருந்து செய்தி மூளையின் அடியில் உள்ள சுப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸுக்குப் போகிறது. சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட, உடம்பின் தலைமைக் கடிகாரம் அது. அது பினியலுக்குச் செய்தி சொல்லும் வழிதான் வேடிக்கை. இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தாலும், செய்தி தண்டுவடத்தில் இறங்கி, கழுத்து நரம்பு முடிச்சு வழியாக மறுபடி மேலே ஏறி வருகிறது. உங்கள் ஊரிலிருந்து மதுரைக்குத் திருச்சி வழியாகப் போவது மாதிரி. கடைசியில் அங்கே நார்அட்ரினலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் சுரந்தால் சுரப்பி செரோடோனினை மெலடோனினாக மாற்றத் தொடங்கும்.

எலிக்கு இரவுதான் சுறுசுறுப்பான நேரம். அதற்கும் மெலடோனின் இரவில்தான் ஏறுகிறது. அதாவது இது "தூங்கு" என்ற கட்டளை அல்ல, "வெளியே இருட்டிவிட்டது" என்ற தகவல். அந்தத் தகவலை வைத்து என்ன செய்வது என்பது அந்தந்த உயிரினத்தின் பாடு.

சரி, ஆன்டிஆக்ஸிடன்ட் கதைக்கு வருவோம். உங்கள் அண்ணன் இல்லாததைச் சொல்லவில்லை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஏரன் லெர்னர் மாட்டுப் பினியலிலிருந்து மெலடோனினைப் பிரித்தெடுத்தபோது அவர் தேடியது தோல் நிறத்தை மாற்றும் பொருளை. அவர் தோல் மருத்துவர். 1993இல் டெக்சாஸ், சான் அன்டோனியோவில் ரஸ்ஸல் ரைட்டர் குழு, செல்லைச் சேதப்படுத்தும் மூர்க்கமான மூலக்கூறான ஹைட்ராக்சில் ராடிக்கலை மெலடோனின் நேரடியாகப் பிடித்து அழிக்கிறது என்று காட்டியது. அழித்த பிறகு அது வேறு பொருளாக மாறி, அந்தப் பொருளும் இன்னொரு ராடிக்கலைப் பிடிக்கும். அங்கிருந்து கிளம்பிய ஆராய்ச்சிகளுக்கு அளவே இல்லை. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அதனால் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம், அதாவது இந்த ராடிக்கல்கள் குவிந்து செய்யும் சேதம், மூளைக்குப் பெரிய தலைவலி, அதற்கு மெலடோனின் மருந்து என்று வாதம் போகிறது. சோதனைக் குழாயில் பார்த்தால் அழகான வேதியியல்.

எனக்கு இடிப்பது அளவில். ஆரோக்கியமான இளைஞரின் ரத்தத்தில் நள்ளிரவு உச்சம் மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மோலார் கணக்கில் அது 0.4 நானோமோலார். மூளையில் செல்லுக்குள் இருக்கும் அதன் சொந்த ஆன்டிஆக்ஸிடன்டான குளூட்டாதயோன் மில்லிமோலார் கணக்கு. பத்து லட்சம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஹைட்ராக்சில் ராடிக்கல் ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்காது, பிறந்த இடத்தில் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கும். அந்தக் கூட்டத்தில் மெலடோனின் எங்கே முந்தப் போகிறது? மூளைக்குள் திரவம் நிறைந்த அறையான மூன்றாவது வென்ட்ரிக்கிளில் ரத்தத்தை விடப் பல மடங்கு அதிகம் என்று செம்மறியாட்டில் அளந்திருக்கிறார்கள். அப்போதும் நானோமோலார்தான்.

10 மில்லிகிராம் விழுங்கினால்? பெரும்பகுதி ஈரலிலேயே சிதைந்துவிடும். தாண்டி வருவது இயற்கை அளவை விட மிக அதிகம்தான், ஆனால் அரை ஆயுள் முக்கால் மணி நேரம். எலிச் சோதனைகளில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று ஊசி போடுவது சர்வசாதாரணம். உடல் பரப்பளவுக் கணக்கில் மாற்றினாலும் 60 கிலோ மனிதருக்கு 100 மில்லிகிராம் பக்கம் வரும். அண்ணன் அனுப்பிய கட்டுரைகளில் செய்முறைப் பகுதியைப் புரட்டி மருந்தளவைப் பாருங்கள்.

ரைட்டர் தரப்பிலும் பதில் உண்டு. செல்லில் மெலடோனின் வந்து ஒட்டும் எம்டி1, எம்டி2 ஏற்பிகள் வழியாக அது செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டுகிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவே மெலடோனின் தயாரிக்கிறது என்கிறார்கள். இந்த வாதத்தை நான் ஒதுக்கமாட்டேன். ஏற்பிக்கு நானோமோலாரே தாராளம். ஆனால் ஏற்பி வழி என்றால், அது மறுபடி கடிகார வேலைதான். அளவை விட நேரம் முக்கியமாகிவிடுகிறது.

இந்தத் துறையில் என்னை அசைத்த சோதனை 2013இல் செயின்ட் லூயிஸில் எரிக் மியூசிக் குழு செய்தது. சுண்டெலி மூளையில் பிமால்1 என்ற கடிகார மரபணுவை நீக்கினார்கள். தலைமைக் கடிகாரத்தில் மட்டும் அது தப்பியிருந்தது. அதனால் எலி வழக்கமான நேரத்தில் தூங்கி எழுந்தது. இருந்தும் மூளைப் புறணியில் ஆக்ஸிஜனேற்றச் சேதம், நரம்பிணைப்புகள் சிதைவு. அந்தந்த செல்லுக்குள் ஓடும் கடிகாரமே பாதுகாப்பு நொதிகளை நேரத்துக்குத் தயார் செய்கிறது என்று அர்த்தம். இதில் யாரும் மெலடோனினைத் தொடவே இல்லை. இன்னொன்று: ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் சி57 கறுப்புச் சுண்டெலிக்குப் பினியலில் மெலடோனின் அநேகமாகக் கிடையாது, பரம்பரைக் குறை. நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போகிறது.

குகை வௌவால்:

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களை வைத்து இந்தக் கடிகாரத்தைத்தான் ஆராய்ந்தார். கடிகாரமும் ஜன்னலும் இல்லாத அறையில் ஆட்களைத் தங்கவைத்து மனித நேரத்தையும் அளந்தார்கள். நம்ம ஊரிலேயே நடந்த வேலை என்பதற்காகச் சொன்னேன். பாதிராத்திரிக்கு ஒரு கேள்வி: தூங்காத ஈக்கள் செத்துப்போனது, மெலடோனின் கொடுத்ததும் பிழைத்தது என்று ஒரு ஆராய்ச்சி வந்ததே?

பாதிராத்திரி:

ஆமாம், 2020, ஹார்வர்டில் டிராகானா ரோகுல்யா குழு. ஆனால் ராடிக்கல்கள் குவிந்தது மூளையில் இல்லை, குடலில்! மெலடோனின் மட்டுமல்ல, லிபோயிக் அமிலம் உட்பட வேறு பல ஆன்டிஆக்ஸிடன்ட்களும் காப்பாற்றின. மூளைதான் கெடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கட்டுரை நல்ல மருந்து.

முதியோர் மருத்துவர்:

மூட்டுவலி தவிர நான் அதிகம் பார்ப்பது இந்த "சாயங்காலக் குழப்பம்"தான். மனிதர்களிடம் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

2003இல் அமெரிக்காவில் பல மையங்களில், தூக்கம் கெட்ட 157 அல்சைமர் நோயாளிகளுக்கு 2.5 அல்லது 10 மில்லிகிராம் மெலடோனின், அல்லது போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரவுத் தூக்கத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. உங்கள் டப்பாவில் இருக்கும் அதே 10.

2008இல் நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேர். சில இல்லங்களில் பகல் முழுவதும் கூடத்தில் 1000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) பிரகாசம். சிலருக்கு மாலையில் 2.5 மில்லிகிராம் மெலடோனின். வெளிச்சம் கிடைத்தவர்களுக்கு நினைவாற்றல் இறங்குவது சற்றுக் குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. மெலடோனின் தூக்கம் வருவதைச் சில நிமிடம் முன்னே கொண்டுவந்தது. ஆனால் வெளிச்சம் இல்லாமல் மெலடோனின் மட்டும் கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களிடமிருந்து ஒதுங்கிப்போனார்கள், மனநிலை மோசமானது. வெளிச்சத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் கெடுதல் இல்லை. வெளிச்சம் இல்லாமல் கொடுக்க வேண்டாம் என்பதே அவர்கள் முடிவு.

வீட்டுக் கூடத்தில் டியூப்லைட் வெளிச்சம் 200 லக்ஸ் இருந்தால் அதிகம். மேகமூட்டமான நாளிலும் வாசலில் 10,000 வரும்.

டப்பா விஷயம்: 2023இல் அமெரிக்காவில் 25 கம்மி வகைகளைச் சோதித்ததில் 22இல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை, இன்னொன்றில் மூன்று மடங்குக்கு மேல்.

மெலடோனினோடு ஒத்துப்போகாத மருந்துகள், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ மனச்சோர்வுக்கான ஃப்ளூவோக்சமினோ, அப்பா சாப்பிடுகிறாரா? டோனெபெசில் எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள்?

திண்டுக்கல் செல்வி:

இரண்டும் இல்லை டாக்டர். பிரஷருக்கு அம்லோடிபின் மட்டும். டோனெபெசில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், ஒன்பது மணிக்கு.

அப்பா உட்காருவது உள்கூடத்தில். வெயில் கண்ணைக் கூசுகிறது என்று ஜன்னல் திரையை நாங்களே மூடி வைத்திருக்கிறோம். பாதிராத்திரி அக்கா, அவர் வருடக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர். அதனால்தான் இப்படி ஆகிவிட்டதா?

பாதிராத்திரி:

ஒருவரைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாதும்மா. இரவுப்பணி புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே வகைப்படுத்தி, 2019இல் மறுபடி உறுதி செய்தது. அல்சைமருக்கு அவ்வளவு தெளிவான கோடு இல்லை. அதோடு இந்த நோய் தலைமைக் கடிகாரத்தின் நரம்பணுக்களையே அரிக்கிறது. கடிகாரம் கெட்டதால் நோயா, நோயால் கடிகாரம் கெட்டதா என்று ஆய்வகத்திலேயே பிரிப்பது கஷ்டம். அப்பா நைட் ஷிஃப்ட் பார்த்து உங்களைப் படிக்கவைத்தார். அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதியோர் மருத்துவர்:

டோனெபெசில் இரவில் எடுத்தால் சிலருக்குத் தூக்கம் கெடும், பயங்கரக் கனவு வரும். காலைக்கு மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். காலை எட்டரைக்குள் எழுப்பி வாசலில் உட்காரவையுங்கள். கண் கூசினால் தொப்பி போதும், கறுப்புக் கண்ணாடி வேண்டாம். கண்புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், புரை நீல ஒளியைத்தான் அதிகம் தடுக்கும். மதியத் தூக்கம் அரை மணி நேரம். இவ்வளவும் செய்து ஒரு மாதம் கழித்தும் இரவு அடங்கவில்லை என்றால் மெலடோனின் பற்றிப் பேசலாம். அப்போதும் 10 இல்லை, 2 மில்லிகிராம் அளவில், படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், அளவு உறுதியாகத் தெரிந்த மாத்திரையாக.

திண்டுக்கல் செல்வி:

புரை இருக்கிறது டாக்டர், இரண்டு கண்ணிலும். "இந்த வயசில் எதுக்கு ஆபரேஷன்" என்று தள்ளிப்போட்டு வைத்திருக்கிறோம். அண்ணனுக்கு இந்த இழை முழுவதையும் அனுப்பிவிட்டேன். நெதர்லாந்து ஆராய்ச்சியைப் படித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை கண் மருத்துவரிடம் டோக்கன் போடுகிறேன்.