ஐரோப்பாவில் வலப்பக்க ஸ்டியரிங் மோட்டார்ஹோம், கூடவே நாய்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

இரண்டுநாய்க்காரி (ஹாரோ)

பிரான்சில் காலேயில் இறங்கி, ஏ26 டோல் சாலையைப் பிடித்து, ரெய்ம்ஸ் தாண்டியதும் டோல் காசை மிச்சம் பிடிக்கக் கிராமச் சாலைக்குத் திரும்பினோம். முதல் நாளே நடந்தது இது. அங்கே வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம், ஆகவே ஒரு பேக்கரியைப் பார்த்ததும் கணவர் வலது ஓரமாக நிறுத்தினார். எங்களுடையது இங்கிலாந்தில் கட்டிய வண்டி, பின்னால் சமைத்துப் படுத்துக்கொள்ளும் வீட்டுப் பகுதியின் கதவு இடப்பக்கம். இங்கே அது நடைபாதையைப் பார்த்துத் திறக்கும். அங்கே எதைப் பார்த்துத் திறக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஹெட்லைட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன், பின்னால் ‘யூகே’ ஒட்டினேன், நாய்களின் சான்றிதழை மூன்று நகல் எடுத்தேன். கதவை மட்டும் யோசிக்கவில்லை.

எங்கள் நாய் மணிக்கு ஒரு பழக்கம். எஞ்சின் நின்றதும் கதவருகே வந்து நிற்பான். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் குதிப்பான். ஏழு வருடமாக அவன் குதித்த இடமெல்லாம் புல். அன்று மரம் ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. என் கைக்கு அகப்பட்டது வால் ஒன்றுதான். பிடித்து இழுத்தேன். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. லாரி போன காற்றில் அவன் காதுகள் இரண்டும் பின்னால் மடிந்ததும், கதவு என் முழங்கையில் வந்து அறைந்ததும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இரண்டு நாள் என்னிடம் வரவில்லை, கணவரின் காலடியிலேயே படுத்துக் கிடந்தான். அவனுக்கு லாரியைத் தெரியாது. வாலை இழுத்தவளைத்தான் தெரியும்.

மற்றவர்கள் இந்தக் கதவை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்

சகோதரி, கதவின் மேல் பழி போட வேண்டாம். முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், வண்டி நின்ற பிறகு முதலில் நகர வேண்டியது மனிதன், பிறகுதான் நாய். எஞ்சினை அணைப்பதற்கு முன்பே கழுத்தில் கயிறு மாட்டியிருக்க வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனை மேசைக் காலில் கட்டியிருக்க வேண்டும். இரண்டாவது, சாலையோரத்தில் நிறுத்தவே கூடாது. பிரான்சில் ஊருக்கு ஊர் மோட்டார்ஹோமுக்கென்று ‘ஏர்’ என்ற நிறுத்துமிடம் இருக்கிறது, அங்கே போய் நிறுத்திவிட்டு ரொட்டிக்கு நடந்து போகலாம், உடம்புக்கும் நல்லது. மூன்றாவது, வருடத்தில் நான்கு மாதம் அந்தப் பக்கம் ஓட்டப் போகிறவர்கள் இடப்பக்க ஸ்டியரிங் வண்டியையே வாங்கிவிட வேண்டும். அதில் கதவும் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். நான்காவது, நாய்க்கு ‘நில்’ என்ற ஒரு சொல்லை வீட்டிலேயே பழக்க வேண்டும். எங்கள் பிரவுனிக்கு மூன்று வாரம் பிடித்தது, தினமும் காலையில் பத்து நிமிடம், ஒரு துண்டு பிஸ்கட்.

எனக்கும் ஒரு தடவை பெல்ஜியத்தில் இதே மாதிரி நடந்தது. தப்பித்தோம்.

ரோஜாவின் அப்பா (லெஸ்டர்)

பஸ் ஓட்டுநர் அண்ணா, மிச்சம் எட்டு மாதம் இங்கே எம்1 நெடுஞ்சாலையில் இடப்பக்க ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு லாரியை முந்த நீங்கள் வருவீர்களா?

என் கதை சந்திப்பில் நடந்தது. வலப்பக்க ஸ்டியரிங்காரர்களுக்குத் தெரியும், சாலை நேர்க்குத்தாகச் சேர்ந்தால் பிரச்சினை இல்லை. சாய்வாகப் போய்ச் சேருகிற இடத்தில்தான் வினை. இடப்பக்கம் பின்னால் திரும்பிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது மனைவியின் தோள், அதற்குப் பின்னால் அலமாரிக் கதவு. கண்ணாடியில் தெரிவது நம் வண்டியின் விலாப்பக்கம். ஆகவே எங்கள் வண்டியில் இடப்பக்கத்துக்குக் கண் என் மனைவிதான்.

பிரான்சில் டோர்டோன் பக்கம் அப்படி ஒரு சந்திப்பு. எங்கள் நாய் ரோஜா இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். “போகலாமா?” என்றேன். “ம்” என்றாள் மனைவி. கிளம்பினேன். ஹார்ன் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. ஒரு வெள்ளை வேன், எங்கள் இடப்பக்கக் கண்ணாடியை முழுதாக எடுத்துக்கொண்டு போனது. அந்த “ம்” எனக்குச் சொன்னதே கிடையாது. ரோஜா மூக்கால் அவள் கையை முட்டித் தடவச் சொல்லியிருக்கிறாள், அவளுக்குச் சொன்ன “ம்” அது.

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் நான் கேட்ட “ம்” எத்தனை, அதில் எனக்கானவை எத்தனை என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். இப்போது எங்களுக்குள் இரண்டே சொல்: ‘காலி’, ‘வண்டி’. ‘ம்’ தடை.

தனிவண்டி

உங்களுக்காவது இடப்பக்கத்தில் ஆள் இருக்கிறது. எனக்கு அந்த இருக்கையில் டைகர், ஆறு கிலோ டெரியர், பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பான். டோல் இயந்திரம் அவன் பக்கம்.

ஒவ்வொரு தடவையும் இறங்கி, வண்டியைச் சுற்றி ஓடி, டிக்கெட் எடுத்து, மறுபடி ஓடி வரச் சலித்துப்போய், குப்பை பொறுக்கும் இடுக்கிக் கோல் ஒன்று வாங்கினேன். ஜன்னல் வழியே நீட்டி டிக்கெட்டைக் கவ்வி இழுக்கலாம். முதல் இரண்டு டோலில் பிரமாதமாக வேலை செய்தது. மூன்றாவதில் டிக்கெட் டைகரின் மூக்கைக் கடந்து வந்தபோது அவன் அதை விளையாட்டு என்று முடிவு செய்துவிட்டான். வாயைத் திறக்க வைத்தபோது மிச்சம் இருந்தது காந்தப் பட்டையில் பாதி.

வெளியேறும் இடத்தில் உதவிப் பொத்தானை அழுத்தினேன். பிரெஞ்சில் ஒரு குரல். ஈரக் காகிதத்தைக் கேமராவுக்குக் காட்டினேன். டிக்கெட் இல்லையென்றால் அந்தச் சாலையிலேயே மிக நீண்ட தூரத்துக்கான கட்டணம், அதுதான் விதி. பின்னால் பதினைந்து வண்டி. டைகர் ஸ்பீக்கரைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது கண்ணாடியில் ஒட்டும் டோல் டேக் வாங்கிவிட்டேன், டிக்கெட்டே வேண்டாம். வாங்குபவர்களுக்கு ஒன்று: டேக் லேன் எல்லாவற்றிலும் நம் வண்டி நுழையாது, சிலவற்றில் 2 மீட்டரில் கம்பி இருக்கும். வண்டி 3 மீட்டருக்குக் கீழே, 3.5 டன்னுக்குள் என்றால் டோல் கட்டணத்தில் வகுப்பு 2. கூரையில் ஏசி வைத்து 3 மீட்டரைத் தொட்டுவிட்டால் வகுப்பு 3, கட்டணம் ஏறும்.

கென்ட் கரையோரம்

முதல் பதிவில் சான்றிதழ் பற்றி வந்ததால் சொல்கிறேன். 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் கொடுத்த பழைய நாய் பாஸ்போர்ட் அங்கே செல்லாது. அதற்குப் பதில் இந்தச் சான்றிதழ்தான். வாங்கிய 10 நாளுக்குள் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்.

என்னை இன்னும் உறுத்துவது திரும்பி வரும்போது நடந்தது. நாய்க்கு நாடாப்புழு மாத்திரையைக் கால்நடை மருத்துவர் கொடுக்க வேண்டும், பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமல், 120 மணி நேரத்துக்கு மேற்படாமல். மருத்துவர் தேதி எழுதினார், முத்திரை குத்தினார், நேரத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். நானும் பார்க்கவில்லை. காலேயில் நாய்களைச் சோதிக்கும் இடத்தில் அந்தப் பெண் சிப்பை ஸ்கேன் செய்தாள், பக்கத்தைப் புரட்டினாள், காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த விரல் நகத்தில் பாதி உரிந்த சிவப்புப் பூச்சுகூட ஞாபகம் இருக்கிறது.

எண்பது கிலோமீட்டர் திரும்பிப் போனோம். மருத்துவமனை பூட்டியிருந்தது. வேறொரு மருத்துவர், புதிதாக ஒரு மாத்திரை, புதிதாக 24 மணி நேரம். அம்மாவுக்கு மறுநாள் கண் அறுவை சிகிச்சை. தங்கைதான் கூட இருந்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தங்கை இன்னும் சொல்கிறாள்.

கம்பளிப்பூச்சி எச்சரிக்கை

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ் பக்கம் குளிர்காலத்தில் போகிறவர்கள் பைன் மரத்தடியில் நிறுத்தாதீர்கள். கிளையில் பஞ்சு உருண்டை போலத் தொங்குவது கம்பளிப்பூச்சிக் கூடு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அவை இறங்கி, ஒன்றன் பின் ஒன்றாகக் கயிறு மாதிரி ஊர்ந்து போகும். நாய்க்கு அதைவிட வேடிக்கை வேறு இல்லை. நக்கினால் நாக்கு வீங்கும், நாக்கின் ஒரு பகுதி அழுகி விழுந்ததும் உண்டு. தேய்க்கக் கூடாது, கையுறை போட்டுக்கொண்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். நோய் பரப்பும் மணல் ஈயை விரட்டும் கழுத்துப்பட்டையையும் இங்கிருந்து கிளம்பும் முன்பே மாட்டிவிடுங்கள். எங்கள் நாய் முகர்ந்து பார்த்ததோடு சரி, மூன்று நாள் தும்மியது.

இரண்டுநாய்க்காரி (ஹாரோ)

அனைவருக்கும் நன்றி. பஸ் ஓட்டுநர் அண்ணா, ‘நில்’ மணிக்கு நன்றாகத் தெரியும். தாழ்ப்பாள் சத்தம் அதைவிட நன்றாகத் தெரியும்.

கணவர்தான் வழி கண்டுபிடித்தார். வலது ஓரமாக நிறுத்தினால் ஓட்டுநர் கதவு நடைபாதைப் பக்கம்தானே! வீட்டுப் பகுதிக் கதவுக்கு உள்ளே பூட்டுப் போட்டுவிட்டோம். மணி, குட்டி இரண்டு பேரும் இப்போது ஓட்டுநர் இருக்கை மேல் ஏறித்தான் இறங்குகிறார்கள். மழை நாளில் கணவர் செய்தித்தாள் விரித்து அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுகிறார். வாய் திறப்பதில்லை, அவர் கண்டுபிடித்த வழி அல்லவா.