வீட்டு வரி கட்டுகிறோம், மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கே?

கேள்வி: ஆயர் ஈத்தாம், பினாங்கு

வணக்கம். ஆறாம் படிவம் பயிலும் என் மகள், பெங்காஜியான் அம் (பொது அறிவியல் கல்வி) பாடத்துக்காக, அதிகாரத்துக்கும் உரிமைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டாள். பிறரைச் செய்ய வைப்பது அதிகாரம், நாம் கேட்டுப் பெறக்கூடியது உரிமை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவள் விடவில்லை. ஆண்டுக்கு இருமுறை நாம் கட்டும் வீட்டு வரியைச் செலவிடும் ஊராட்சி மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதானே நியமிக்கிறது, அப்படியானால் அவர்களுக்கு அதிகாரம் உண்டு, நமக்கு உரிமை இல்லை, சரிதானே என்கிறாள். என்ன சொல்வது?

மறுமொழி 1: பட்டர்வொர்த்

ஐயா, ஒரு காலத்தில் பினாங்கில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. ஜார்ஜ்டவுனில் 1951-இல் நகராண்மைத் தேர்தல் நடந்தது, 1957-இல் டி. எஸ். இராமநாதன் அம்மாநகரின் முதல் மேயரானார். அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. அதில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும் என்பது வேறு கதை. மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய பூசலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்தப் பூசல் மறு ஆண்டே ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்த அரச ஆணையம் மீண்டும் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தும், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. ஊராட்சித் தேர்தலை மீண்டும் நடத்தப் பினாங்கு 2012-இல் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை.

மறுமொழி 2: செந்தூல், கோலாலம்பூர்

உங்கள் மகள் சொன்னதில் பாதி சரி. அரசமைப்பில் எழுதிய உரிமையும் சாதாரணச் சட்டம் தந்த உரிமையும் ஒரே வலிமை உடையவை அல்ல. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் தகுதி அரசமைப்பின் 119-ஆம் பிரிவில் இருப்பதால், அதைத் தொட மக்களவையின் 222 உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர், அதாவது குறைந்தது 148 பேரின் ஆதரவு தேவை. வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தபோது, 2019-இல் 211 பேர் ஆதரித்தார்கள், எதிர்ப்பே இல்லை. ஊராட்சி வாக்குக்கு அந்தக் காவல் இருந்ததில்லை; சாதாரணச் சட்டத்தில் இருந்ததால் சாதாரணச் சட்டமே அதைத் துடைத்தது. ஆகவே, ஓர் உரிமை இருக்கிறதா என்பதோடு, அதை நீக்க எத்தனை பேர் கைதூக்க வேண்டும் என்பதையும் உங்கள் மகள் பார்க்கட்டும்.

எங்கள் நிலை இன்னும் மோசம். கோலாலம்பூரில் 11 நாடாளுமன்றத் தொகுதிகள் உண்டு, சட்டமன்றம் கிடையாது. பொதுத்தேர்தலில் எங்களுக்கு ஒரே வாக்குச்சீட்டுதான்; மேயரோ கூட்டரசின் நியமனம்.

மறுமொழி 3: ஜெலுத்தோங், பினாங்கு

பழைய முறையைப் பொற்காலமாக்க வேண்டாம். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் நிர்வாகச் சீர்கேடு என்ற புகார்களும் எழுந்தன; 1966-இல் ஜார்ஜ்டவுன் மன்றத்தின் பொறுப்புகளை மாநில அரசே எடுத்துக்கொண்டது. இன்னொன்றும் உண்டு. நியமனத்தில் கட்சிகள் தமக்குள் பேசி ஓர் இந்தியருக்கு இடம் ஒதுக்கும். நம்மவர் சிதறி வாழும் வட்டங்களில் தேர்தல் வைத்தால் அதற்கு உறுதி என்ன?

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மூன்றாம் மறுமொழியை மகளிடம் காட்டினேன். ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் உட்காருபவர் யாருக்குப் பதில் சொல்வார், ஒதுக்கியவருக்கா நமக்கா என்று கேட்டுவிட்டு, கட்டுரையில் ஆதி நாகப்பன் ஆணையத்தைச் சேர்க்கப் போய்விட்டாள்.